நனைந்த தோட்டாவில் ஒரு பள்ளம்

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி ரிப்பேர் தொழில். ஊரில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர். லைசென்ஸ் துப்பாக்கியை யார் கொண்டுவந்து, “உள்ள குண்டு இல்லண்ணே” என்று சத்தியமே செய்தாலும், குழலை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி, திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. கட்டிய பெண்டாட்டி, டீயில் சர்க்கரை போட்டாச்சு என்றால்கூட நம்பாமல் கலக்கிப் பார்க்கிற ஆள்.

வெள்ளம் வடிந்ததும் பட்டறையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் நனைந்த துப்பாக்கியில் சேற்றின் மேலேயே எண்ணெயை ஊற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். “தண்ணிய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கீங்க” என்று அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய். இரும்பு எப்படியும் பிழைத்துக்கொள்ளும், ஊறிப்போன மரப்பிடியையும் தோட்டாவையும்தான் நம்பக்கூடாது என்பார்.

அந்தக் கூட்டமெல்லாம் குறைந்த பிறகு என் கொழுந்தன் வந்தான். கோழிப் பண்ணை வைத்திருந்தவன். நரிக்குப் பயந்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கியிருந்தான். பக்கத்துத் தோட்டக்காரன் தன் பயிரைக் காப்பாற்ற வாய்க்கால் கரையை வெட்டிவிட, தண்ணீர் பண்ணைக்குள் பாய்ந்து ஒரு கோழி மிஞ்சவில்லை. அவனைச் சும்மா விடமாட்டேன் என்று இவன் தெருவில் நின்று கத்தியது ஊருக்கே தெரியும்.

“இது சுடுமான்னு பாத்துக் குடுண்ணே.”

“கோழியே இல்ல. துப்பாக்கி எதுக்குடா?”

“சும்மா இருக்கட்டும்னுதான்.”

எனக்குத் தோட்டக்காரன் ஞாபகம்தான் வந்தது. சும்மா இருக்கிற பொருளையா யாராவது ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

அவர் குழலைத் திறந்தார். உள்ளே ஒரு தோட்டா உப்பிச் சிக்கிக் கிடந்தது. பதமாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பித்தளை அடிப்பாகம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. நடுவில், விசையை இழுத்ததும் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“பள்ளத்துல பச்சை பூக்கல. அப்ப தண்ணி வடிஞ்சப்புறம்தான் விசைய இழுத்திருக்க. மருந்து நனைஞ்சதால வெடிக்கல. யாரைடா குறி வச்ச? தோட்டக்காரனையா?”

“இல்லண்ணே.”

“எங்கிட்டயே பொய் சொல்றியா?”

“அவன் பக்கமே போகலண்ணே. பண்ணையிலதான் இருந்தேன்.”

“அங்க யார் இருந்தா?”

“யாருமில்ல. நான் மட்டுந்தான்.”

அவர் தோட்டாவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழலைத் தன் பக்கமே திருப்பியிருக்கிறான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளையைப் போய்க் கொலைகாரன் என்று நினைத்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“இனிமே அப்படிச் செய்ய மாட்டேண்ணே. நீ சரி பண்ணி மட்டும் குடு” என்றான்.

அவர் நம்பவில்லை. துப்பாக்கியைக் கழற்றி ஊசியை உருவினார். துணியால் துடைத்ததும் அது மின்னியது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

“ஊசி துருப்பிடிச்சுப் போச்சுடா” என்றார், அதை உள்ளங்கையில் வைத்தபடி. “புதுசு வரவழைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. அது வர்ற வரைக்கும் நீ நம்ம வீட்லயே இரு.”

கொழுந்தன் அவர் உள்ளங்கையில் மின்னிய ஊசியைப் பார்த்தான்.

“ஆமாண்ணே, ரொம்பத் துரு” என்றவன், அவர் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தான்.