நூல் எண்ணெய் ஊத்தின வண்டி

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால முதல்லயே சொல்லிடுறேன். நகரியில இருந்து திருப்பதி வரைக்கும் ரிமோட் காரோட ஷாக் அப்சார்பரைப் பிரிச்சு எண்ணெய் மாத்தத் தெரிஞ்ச பொம்பள நான் ஒருத்திதான். வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்.

எங்க வூட்டுக்காரரு குவைத்துல ஒரு பெரிய வூட்டுல டிரைவரா இருந்தாரு. அப்பல்லாம் எங்க தெரு ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு குவைத்து, மீதிப் பேரு மெட்ராஸ். லீவுல வர்றவங்க டேப்ரெக்கார்டரு, கம்பளின்னு கொண்டாருவாங்க. இவரு ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிக்கினு வந்தாரு. பிரிச்சா, உள்ள ஒரு பொம்மைக் காரு. முழங்கை நீளம் இருக்கும், நாலு சக்கரமும் வெளிய துருத்திக்கினு நிக்குது. முதலாளி பையன் சின்ன வயசுல ஓட்டின பழைய வண்டியாம். பாலைவனத்துக்கு இவரு அவனைக் கூட்டிக்கினு போவாராம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்களாம். அவன் படிக்க வெளிநாடு போறப்ப இவரு கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

தெருவுல வுட்டுப் பாத்தாரு. வண்டி தவளை மாதிரி எகிறி எகிறி, ஒரு சின்னக் கல்லு தட்டினதுக்கே கவுந்து கெடந்துச்சு. இவரோட அண்ணன், பக்கத்துலயே பவர்லூம் வெச்சிருக்கிறவரு, வாசல்ல நின்னு சிரிச்சாரு. "இன்னாடா தம்பி, குவைத்துல சம்பாரிச்சது இதானா?"

"நல்லா சிரிங்க மாமா, பல்லுக்கு வெயில் படட்டும்"னு சொல்லிட்டு இவரை உள்ள இழுத்துக்கினு வந்துட்டேன்.

என் கோவம் அண்ணன் மேல மட்டும் இல்ல. இவருக்குத் திரும்பவும் விசா வந்திருந்துச்சு. வந்த நாள்ல இருந்து ஒரே பாட்டு. "இந்த ஊர்ல எனக்கு இன்னா வேலை கீது? எனக்கு இன்னா தெரியும்?" திருப்பதியில டாக்சி ஓட்டேன், சாமி கும்புட வர்ற ஜனத்துக்குப் பஞ்சமான்னு கேட்டா, தலையத் தொங்கப் போட்டுக்குவாரு. எனக்கு அந்த மனுசன் போவக் கூடாது, அவ்ளோதான். போட்டோவப் பாத்துக்கினு குடித்தனம் பண்ணி எனக்கு அலுத்துப் போயிருந்துச்சு.

திருப்பதியில அலிபிரிப் பக்கம் ஒரு மைதானத்துல மண்ணை மேடு மேடா குவிச்சு, ஞாயித்துக்கெழமையில சில பேரு இந்த மாதிரி காருங்களை ஓட்டுவாங்க. இவரு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்து அதையே பேசிக்கினு இருந்தாரு. நான் தையல் மெஷின்ல உக்காந்தபடியே சொன்னேன். "யோவ், அந்த மைதானத்துல உன் வண்டி கவுழாம ஒரு சுத்து வந்தா நீ இங்கயே இருக்கணும். கவுந்துச்சா, நானே ஊறுகா போட்டு, பொட்டி கட்டி அனுப்பறேன். சரியா?"

சிரிச்சாரு. "ஷாக்குல எண்ணெய் சுத்தமா இல்லமே. அந்த எண்ணெய் இங்க கெடைக்காது."

"சரியா இல்லையா, அதைச் சொல்லு."

"சரிதான் போ"ன்னாரு.

அந்த ஷாக் இன்னா பெரிய விஷயம்? சக்கரத்துக்கு ஒண்ணுன்னு நாலு குழாய், ஒவ்வொண்ணும் சுண்டுவெரல் நீளம். உள்ள எண்ணெய். அந்த எண்ணெய்க்குள்ள ஓட்டை போட்ட சின்ன வட்டு ஒண்ணு, கம்பி முனையில மேலயும் கீழயும் போவும். வெளிய ஸ்பிரிங். எண்ணெய் இருந்தாத்தான் ஸ்பிரிங்கோட துள்ளல் அடங்கும். கம்பி நொழையற எடத்துல எண்ணெய் ஒழுகாம இருக்க ஒரு ரப்பர் வளையம்.

தறிக்காரங்க வூட்டு மருமகளுக்கு எண்ணெய்னா தறி எண்ணெய்தானே? அண்ணன் ஷெட்டுல இருந்து ஒரு கிண்ணம் எடுத்தாந்து நாலுலயும் ஊத்தி மூடிட்டேன். முதல் நாள் பிரமாதமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, அந்த ரப்பர் வளையம் எண்ணெயக் குடிச்சு ஊறின பயறு மாதிரி உப்பிக்கினு, கம்பிய அசைய வுடல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இவரு பக்கத்துல வந்து குந்திக்கினு ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்தாரு. "அந்த ஊரு எண்ணெய் இப்டி இருக்காதுமே. தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். வாசனையே வராது. கையில பட்டா சோப்பு போட்டாலும் வழுவழுன்னே இருக்கும்."

"அட நாசமாப் போவ!"ன்னு எழுந்துட்டேன். "அது நூல் எண்ணெய்யா!"

நான் ஜாக்கெட்டு தைக்கிறவ. பாலியஸ்டர் நூலு வேகத்துல சூடாயி அறுந்துக்கினே இருக்கும். அறுவாம இருக்க நூல்கண்டு மேல சிலிக்கான் எண்ணெய் தடவுவோம். அது என் மெஷின் டிராயர்லயே கெடந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினோம்.

வளையத்துக்கு சித்தூர் போனோம். இவரு மெடிக்கல் பேப்பரோட விசா ஏஜென்டு ஆபீசுக்குப் போனாரு. நான் ஷாக் கம்பியக் கையில வெச்சுக்கினு டீசல் பம்பு ரிப்பேர் கடைக்குப் போனேன். எந்த வண்டிக்கு வேணும்மான்னு கடைக்காரரு கேட்டாரு. எங்க வண்டிக்குன்னேன். டப்பாவுல இருந்த வளையத்தையெல்லாம் ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்து, எறுக்கமும் இல்லாம தொளதொளன்னும் இல்லாம இருந்ததைப் பொறுக்கினேன்.

எண்ணெய் ஊத்தறதுலதான் எல்லாமே கீது. எதுக்குமே பொறுமை இல்லாதவ நான். முதல்தரம் அவசரமா மூடினேன், அமுக்கினா உள்ள சளக் சளக்குன்னு சத்தம். "காத்து மாட்டிக்கிச்சு"ன்னாரு இவரு. திரும்பத் தொறந்து, குழாயை நிமித்திப் புடிச்சுக்கினு, கம்பிய மெள்ள ஏத்தி எறக்கினேன். குமிழு ஒண்ணொண்ணா மேல வந்து ஒடையற வரைக்கும் காத்திருந்து மூடினேன். எடது வலது ரெண்டும் ஒரே வேகத்துல மேல வரணும்னு அவரு சொன்னதால, பக்கத்துல பக்கத்துல வெச்சு அமுக்கிப் பாத்து சரி பண்ணேன். என் பின்னாடி நின்னு பாத்துக்கினே இருந்தாரு. விசா பேச்சை எடுக்கல.

ஞாயித்துக்கெழமை மைதானத்துல எல்லாம் புது வண்டிங்க. ஒரு பல் டாக்டரு எங்க வண்டிய மேல இருந்து அமுக்கிப் பாத்தாரு. துள்ளாம, நிதானமா எழும்பி நின்னுச்சு. "எவரு சேசாரண்டி?"ன்னு, யாரு செஞ்சதுன்னு தெலுங்குல கேட்டாரு. இவரு என்னைக் காட்டி, "மா ஆவிட"ன்னாரு. என் பொண்டாட்டின்னு நாலு பேரு எதிர்ல, அதுவும் தெலுங்குல மரியாதையா! எனக்குத் தலை கால் புரியல.

இவரு ரிமோட்டைக் கையில எடுத்தப்பதான் எனக்குச் சுரீர்னுச்சு. அடியே மக்கு, ஓட்டப் போறதே அவருதானே! போவணும்னு மனசுல இருந்தா வெரலை லேசா ஒடிச்சாப் போதுமே, வண்டி கவுந்துடுமே! இவ்ளோ வேலை பண்ணிட்டு, எல்லாத்தையும் அவரு வெரல்ல குடுத்துட்டேனே.

முதல் மேடு ஏறி எகிறி, பூனை மாதிரி சத்தமில்லாம எறங்குச்சு. ரெண்டாவதும் அப்டித்தான். கடைசி மேட்டுல ஒரு பக்கம் சறுக்கி, வண்டி ரெண்டு சக்கரத்துல சாஞ்சுடுச்சு. நான் கண்ணை மூடல. இவரு மூஞ்சியத்தான் பாத்தேன். நாக்கைக் கடிச்சுக்கினு, நெத்தி வேர்த்து, கவுழற பக்கமே சக்கரத்தைத் திருப்பினாரு. வண்டி அப்டியே நாலு சக்கரத்துல பொத்துன்னு உக்காந்து, சுத்தை முடிச்சுக்கினு வந்து எங்க காலுக்கிட்ட நின்னுச்சு.

டாக்டரு தன் வண்டியோட ஷாக்கைக் கழட்டி என் கையில குடுத்தாரு. இன்னொருத்தரு பின்னாடியே வந்தாரு. நான் யாரையும் பாக்கல. "யோவ், அந்தக் கடைசி மேட்டுல சும்மா வுட்டிருந்தா கவுந்திருக்குமில்ல?"

"கவுந்திருக்கும்."

"ஏன் வுடல?"

அவரு குனிஞ்சு சட்டை முனையில வண்டி மேல இருந்த மண்ணைத் தொடைச்சாரு. "நீ அவ்ளோ கஷ்டப்பட்டிருக்கியே. எனக்கும் போவ இஷ்டமில்லமே"ன்னாரு.