கார்புரேட்டர் மூடியில் சிவப்புப் பொட்டு

என் வீட்டுக்காரர் அய்யாவு என்னிடம் இரவல் கேட்டது ஒரே ஒரு சாமானைத்தான். என் கியூடெக்ஸ். அந்தச் சிவப்பு நகப்பூச்சுப் புட்டியைக் காலையில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போவார், மாலையில் கண்ணாடி மேசையில் திருப்பி வைப்பார். ஒரு வண்டியின் கார்புரேட்டரைச் சரிபார்த்து மூடியதும் மூடித் திருகின்மேல் ஒரு பொட்டு வைப்பார். பிறகு யாராவது திறந்தால் பொட்டு வெடித்துவிடும். "பெயிண்ட் வாங்கினா என்னவாம்?" என்று கத்துவேன். "உன் சாமான்தான் பெட்ரோலுக்குக் கரையாது" என்பார்.

காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அவர். கிள்ளானில் ஒரு சீனர் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை கற்று, மேரு ரோட்டில் சொந்தமாக ஒன்று போட்டார். நாலு தூண், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். ஆனால் ரோட்டரி எஞ்சின் வண்டி என்றால் கிள்ளானில் எல்லாரும் கை காட்டுவது அந்தத் தகரக் கூரையைத்தான். அந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. மூன்று முனையுள்ள இரும்புக் கட்டி ஒன்று சுற்றிச் சுற்றி ஓடும். முனைகளில் இருக்கும் மெல்லிய சீல் உடைந்தால் எஞ்சின் செத்தது. மற்ற மெக்கானிக்குகள் அதைப் பேய் என்று சொல்லித் தள்ளி நிற்பார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பார்.

எண்பத்தாறில் ஜெயராஜ் அப்படி ஒரு பழைய வண்டி வாங்கினார். அவரும் இவரும் ஒரே தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர் படித்து, துறைமுகத்தில், போர்ட் ஆபீஸில் பெரிய கிராணியாகி, பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார். எஞ்சினைப் பிரித்துப் புது சீல் போட்டு, கொஞ்சம் வேகமும் கூட்டிக்கொடு என்று கேட்டார். இவர் ஒன்றரை மாதம் உட்கார்ந்தார். காற்று உள்ளே போகும் வாசலை ஒரு நூல் அகலம் அராவிப் பெரிதாக்கினார். கூட நின்று வேலை செய்தவன் என் தம்பி நாகையா. அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

"காத்து கூட வந்தா பெட்ரோலும் கூட வரணும், ராஜு" என்று வண்டியை ஒப்படைக்கும்போது சொன்னார். பெட்ரோல் இறங்கும் துளை கொண்ட பித்தளைத் திருகை ஜெட் என்பார்கள். பழசைக் கழற்றிவிட்டுப் பெரிய துளை ஜெட் போட்டிருந்தார். "புகை வரும், நாத்தம் அடிக்கும், பிளக் கறுப்பா இருக்கும். இருக்கட்டும். கூடக் குடிச்சா பெட்ரோல்தான் போகும். குறைஞ்சுச்சு, உள்ள சூடேறி சீல் உடைஞ்சிடும். கார்புரேட்டர மட்டும் யாரையும் தொட விடாத."

"நீ சொல்லி நான் மீறுவேனா லா?" என்றார் ஜெயராஜ். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. "பெட்ரோல் ஸ்டேஷன்காரன் என்னைப் பார்த்தா மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான்" என்று போன் செய்தார். இவர் சிரித்துவிட்டு, "மாத்த மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது நாகையா வீட்டுக்கு வந்தான். "அக்கா, மாமா கியூடெக்ஸ் கேட்டாரு." நான் எடுத்துக் கொடுத்தேன். சாயந்திரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கூடப் பிறந்தவன் கேட்டால் ஏன் எதற்கு என்றா கேட்பார்கள்?

மூன்று வாரம் கழித்து, பத்து தீகா ஊர்ப் பக்கம் ஹைவேயில் அந்த எஞ்சின் உடைந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். நான் சோற்றுக் கேரியரோடு பட்டறைக்குள் நுழைகிறேன், ஜெயராஜ் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிறார். "நம்பிக் கொடுத்தேன்! நாசம் பண்ணிட்டான்!"

இவர் பிளக்கைக் கழற்றினார். சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. கார்புரேட்டர் மூடியைப் பார்த்தார். சிவப்புப் பொட்டு வெடிக்காமல் முழுசாக இருந்தது. திறந்தார். உள்ளே பழைய சின்ன ஜெட். அதை வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்தார்.

"பொட்டு உடையல. அப்ப நான்தான் மறந்துபோய் பழசையே போட்டிருக்கேன்" என்றார். "மன்னிச்சிடு, ராஜு."

நாகையாவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். பின்பக்கம் குழாயடிக்கு இழுத்துப்போய் சட்டையைப் பிடித்தேன்.

"ஜெயராஜ் அண்ணேதான்க்கா மாத்தித் தரச் சொன்னாரு. போர்ட்ல பர்மனன்ட் வேலை வாங்கித் தரேன்னாரு. உடையும்னு நெனைக்கலக்கா."

"பொட்டு வெச்சது?"

"அதுவும் அவரு சொல்லித்தான். மாமாகிட்ட சொல்லிடாதக்கா, பிள்ளைங்க இருக்கு."

பாவி! மாற்றச் சொன்னவனே வெளியே நின்று என் புருஷனைப் பார்த்துக் கத்துகிறான். மூடி மறைத்தவன் என் தாய் வயிற்றுப் பிள்ளை. மறைத்த சாமான் என் கையிலிருந்து போனது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெயராஜ் பிரிக்பீல்ட்ஸ் கடை கடையாகச் சொல்லிவிட்டார். அய்யாவுக்குக் கை போய்விட்டது என்று கிள்ளானிலும் பேசினார்கள். அதைவிடக் கொடுமை, இவரே அதை நம்பினார். போட்ட நட்டைக் கழற்றி மறுபடி போட்டார். வந்த ஒரு ரோட்டரி வண்டியை, "வேற ஆளப் பாருங்க பாஸ்" என்று அனுப்பினார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்தாம் நாள், மேருவில் ஒரு பேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்களாம், பட்டறையை மூடிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. புட்டியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

நாகையாவை வெட்டப் போவார், ஜெயராஜ் வீட்டுக்கு ஓடுவார் என்று பயந்தேன். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னிக்கே."

"அவனுங்கள விடு. ஒருத்தன் பெட்ரோலுக்குச் செஞ்சான், ஒருத்தன் வேலைக்குச் செஞ்சான்" என்றார். "ஒம்பது நாளா இந்தக் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீதானே, வீரம்மா, பக்கத்துல நின்னு சோறு போட்ட?"

புட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

பட்டறையை மூடவில்லை. இவர் தன் கையை மறுபடி நம்பினார், ரோட்டரி வண்டிகளும் திரும்ப வந்தன. நாகையாவுக்குப் போர்ட்டில் வேலை கிடைத்தது. தீபாவளிக்கு வருவான், இவர் வாங்க என்று சொல்லி உட்கார வைப்பார். என்னிடமும் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் நான் சொன்ன அடுத்த வாரமே, பொட்டு வைக்கக் கடையில் மஞ்சள் பெயிண்ட் டின் ஒன்று வாங்கிவிட்டார். அதைப் பட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூட அதை அவிழ்ப்பதில்லை.