மெசின் திருத்துகிறவள்

கடல் வந்து போன அடுத்த வருடம், எங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வரிசைக்கு நாலைந்து தையல் மெசின்கள் இருந்தன. உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் பெண்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விடைதான் கிடைத்திருக்கிறது. தகரத்தின் வெக்கையில் இருந்து சட்டை தைத்தோம். தைத்ததை வாங்க ஆளில்லை. வாங்க வேண்டியவளும் அடுத்த கொட்டிலில் தைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் அவர்களில் ஒருத்தி. என் கணவர் வாவியில் மீன்பிடிக்கிறவர். தோணி போயிருந்தது, வீடு போயிருந்தது. என் அக்காவும் போயிருந்தாள். அவளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் ஏலாது.

சில மாதங்களில் என் மெசின் இறுகி நின்றது. உப்புக் காற்றும் மணலும் உள்ளே போயிருந்தன. இரவல் வாங்கிய ஸ்குரூ ட்ரைவரால் கழற்றிப் பாயில் பரப்பினேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. மூன்று நாள் அந்தப் பாயைச் சுற்றித்தான் நடந்தோம், படுத்தோம். நாலாம் நாள் பின்னேரம் அது ஓடியது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால், எதிர்க் கொட்டிலில் ஒரு மெசினுக்கு மேல் சோற்றுப்பானை இருந்தது. அதற்கடுத்த கொட்டிலில் ஒன்று துணி காயப்போடப் பயன்பட்டது. இவ்வளவு மெசினையும் கொடுத்தவர்கள், திருத்துவதற்கு ஒருவரையும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் யாரோ கொடுத்த வலையின் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மெசின் திருத்துற வேலை செய்வம் எண்டு பாக்கிறன்."

"ஒரு மெசினைப் பூட்டினதுக்கா?"

"ஓம்."

"ஆரு உன்னை நம்பிக் குடுப்பாங்க புள்ள?"

எனக்கும் அது தெரியவில்லை.

வாழ்வாதாரத் திட்டத்துக்கு ஆள் பதிய அலுவலராக ஒரு இளம் தங்கச்சி வந்தா. படிவத்தில் தையல், கோழி வளர்ப்பு, வலை, சில்லறைக் கடை என்று இருந்தது. திருத்துவது இல்லை. அவ பேனையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, தையல் எண்டு போடட்டா?" என்று கேட்டா. போடச் சொன்னேன். சண்டை பிடிக்கிற நிலையில் நான் இல்லை.

பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். மெசின் பழுதானால் என்னிடம் தருவீர்களா? எல்லோரும் ஓம் என்றார்கள். ஒருவரும் தரவில்லை. இரண்டு மாதம் அந்த 'ஓம்'களை நம்பிக் காத்திருந்தேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூடாதென்று சொன்ன ஓம் அது. என் யோசனையே பிழை என்று நினைத்துக் கைவிட்டேன், பிறகு எடுத்தேன், மறுபடி கைவிட்டேன். எத்தனை தடவை என்று ஞாபகமில்லை.

ஒருநாள் தற்செயலாகக் கேள்வியை மாற்றிக் கேட்டேன். போன முறை பழுதானபோது என்ன செய்தீர்கள்? அப்போதுதான் ஆட்கள் உண்மையாகப் பேசினார்கள். ஒருத்தி ஆட்டோ பிடித்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரர் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று ஒரு மாதம் இழுத்திருக்கிறார். இன்னொருத்தி அத்தோடு தையலையே விட்டுவிட்டாள். அவர்கள் பட்ட அலைச்சலைக் கேட்கக் கேட்க, என் யோசனை அப்படியொன்றும் பைத்தியமில்லை என்று பட்டது.

முதல் வேலையை ஒரு அக்கா தந்தா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவ. புதுத் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறக்க ஒரு கிழமை இருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் அளவுக்கு மேல் முறுக்கியதில் ஒரு திருகாணியின் புரி தேய்ந்துபோயிருக்கிறது. அடுத்த நாள் தைக்கும்போது ஊசி முறிந்து அவவின் விரலைக் கிழித்துவிட்டது. துணி சுற்றிய விரலைக் காட்டினா, ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, என் மெசினின் தலையைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அவவிடம் போனேன்.

"உங்கட வேலை முடியுமட்டும் இதில தையுங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு ஓடர் ஒண்டும் இல்ல கா."

அவ சீருடைகளைத் தைத்து முடித்தா. அவவின் மெசினைச் சரிசெய்ய எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு பல மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் போர் மறுபடி தொடங்கியது. வாகரைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வந்து முகாம்களில் இருந்தது. மெசினைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவார்கள்? அங்கொன்று இங்கொன்றாக வந்த வேலைக்குப் போனேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என் பெட்டியைத் திறந்து, எண்ணெய்ப் போத்தல், கம்பி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பிக் காட்ட வேண்டும். இதென்ன, அதென்ன என்று சிங்களத்தில் கேட்பார்கள். தைத்த துணித்துண்டு ஒன்றைக் காட்டி, கையால் மெசின் சில்லைச் சுற்றுவதுபோல் செய்து காட்டுவேன். ஒருமுறை ஒரு ஸ்பிரிங் மணலில் விழுந்துவிட்டது. வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்க முழங்காலில் நின்று தேடினேன். கிடைக்கவில்லை. அன்று வேலைக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். இந்தத் தொழில் எனக்கு எதற்கு என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டினேன். விடிந்ததும் பெட்டியை மறுபடி கட்டினேன். வேறு யோசனை ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு, சீருடை தைக்கிற அக்கா ஒருநாள் வீடு தேடி வந்தா. வாவிக்கு அந்தப் பக்கம், வெல்லாவெளிப் பக்கத்தில் இருக்கிற தன் மச்சாளின் பழுதான மெசினைப் பார்க்க வேண்டுமாம்.

"என்ர விரல் கிழிஞ்சதை மறந்திட்டீங்களா கா?" என்று கேட்டேன்.

"மறக்கல்ல. அதையும் சொல்லித்தான் வச்சிரிக்கன். பிழை விட்டா ஒளிக்கமாட்டா எண்டும் சொன்னன்."

உளறியதை அப்போதுதான் கவனித்தேன். விரல் அவவுடையது. இருவரும் சிரித்தோம். நான் சிரித்து வெகு காலம்.

அந்த மச்சாள் இடம்பெயரும்போது மெசினை உரப் பையில் சுற்றி வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டுப் போயிருந்தா. தோண்டி எடுத்தபோது துரு ஒரு கட்டியாக ஏறியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தட்டி, சுரண்டி, இரண்டு நாள். அவ பக்கத்தில் வேலை செய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தா. இரண்டாம் நாள் மத்தியானம் சில்லு அசைந்தது. தையல் இடையிடையே விட்டது. நூல் வளையத்தைக் கொக்கி பிடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினேன். பொழுது சாய்கிற நேரம் பழைய சாரத்தில் கிழித்த துணித்துண்டொன்றில் அறுபடாமல் ஒரு தையல் கோடு ஓடியது. அவ அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த கிழமையும் வாறீங்களா? இஞ்ச இன்னும் ஆக்கள் பழுதான மெசின் வச்சிரிக்காங்க," என்றா.

"வாறன்," என்றேன்.

அடுத்த கிழமை போனபோது வேம்புக்குக் கீழே ஆறு மெசின்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பெண்கள். முதுகு அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது மெசின் நான் அதுவரை கண்டிராத வகை. எங்கே திறப்பதென்றே தெரியவில்லை.

"இது சரிவருமா கா?" என்று உரியவள் கேட்டாள்.

முந்தி என்றால் பயத்தில் உடனே சரிவரும் என்று சொல்லியிருப்பேன்.

"தெரியா. கழட்டிப் பாத்துத்தான் சொல்லுவன்," என்றேன். அவள் எழும்பிப் போகவில்லை. மெசினை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.