பெரியப்பா போட்ட கல்வரிசை

அத்தை வீட்டு மணலை நாங்கள் காப்பாற்றினோமா, பக்கத்து வீட்டுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டோமா? இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குச் சூலூர். அத்தை மட்டும் கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். எனக்கு எட்டு வயதான கோடையில், அலை அவர் வீட்டுத் தென்னைகளின் வேர் வரை வந்துவிட்டது. பெரியப்பா விவசாயி. தங்கையைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அழுவாத அம்மணி. ஓடையில மண்ணு அரிச்சா குறுக்கால கல்லுதான போடறோம்? கடலும் பெரிய ஓடைதான்," என்று அத்தையைத் தேற்றினார்.

அத்தை வீட்டின் வடக்கு எல்லையில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும்படி லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார். இடுக்குகளை அடைக்கச் சிறுகல் பொறுக்குவது என் வேலை. வடபுறத்து வீட்டுச் சிறுமி எனக்குத் தோழியாகியிருந்தாள். என்னைவிட அவள்தான் அதிகம் சுமந்தாள், பாவாடையில் அள்ளி அள்ளி.

அத்தை வீட்டுப் பக்கம் மணல் சேரத் தொடங்கியது. "இதுல எள்ளே வெதைக்கலாமுங்க மாப்ள," என்று பெரியப்பா மாமாவைச் சீண்டினார்.

மழைக்காலத்தில் புயல் அடித்தது. அரையாண்டு விடுமுறைக்குப் போனபோது கல்வரிசைக்கு வடக்கே மணலே இல்லை. தோழி வீட்டின் சமையலறை கடலுக்குள் சரிந்து கிடந்தது.

"அந்தக் கல்ல எடுக்கச் சொல்றியா, உங்க பெரியப்பாகிட்ட?" என்றாள்.

"ஏன்? நீங்களும் ஒரு வரிசை போட்டுக்கங்க."

நல்ல யோசனை சொன்ன பெருமை எனக்கு. அவள் ஏன் சட்டென்று திரும்பி நடந்தாள் என்று விளங்கவில்லை. மறுவருடம் அந்த வீடே இல்லை.

அந்தக் கரையில் மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், வழியில் தடுத்தால் அந்தப் பக்கம் போய்ச் சேராது என்று கல்லூரியில்தான் படித்தேன். ஆனால் புயலும்தானே அடித்தது? கடலும் ஏறிக்கொண்டுதானே வருகிறது? கல் போடாவிட்டாலும் அந்த வீடு போயிருக்குமோ? இப்படி நினைப்பதே என் வசதிக்காகத்தானோ?

போன வாரம் அத்தை போன் செய்தார். "மறுபடி தண்ணி வாசலுக்கு வருது கண்ணு. உம் புள்ளைக்குத்தான் இந்த ஊடு. கல்ல இன்னும் நீட்டிப்போட்டா நிக்கும். நீ சரின்னா ஆளக் கூப்பிடறேன்."

வடக்கே இப்போது, கரையை விட்டு உள்தள்ளிக் கட்டிய வீட்டில், வேறொரு குடும்பம் இருக்கிறது. அங்கும் ஒரு சிறுமி இருக்கிறாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தையிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவர்களையும் ஒரு வரிசை போட்டுக்கொள்ளச் சொல் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் ஒருமுறை சொல்லிவிட்டேன்.