தண்ணீர் திறக்கும் திகதி

பெரும்போக விதைப்புக்கு முன், வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் திகதியை விவசாயிகள் கூடிக் கையுயர்த்தி முடிவெடுப்பார்கள். கைகளை எண்ணும் உத்தியோகத்தன் நான். முன்வரிசையில், மடியில் குடையோடு உட்காரும் வெள்ளைத் தொப்பிக்காரரின் கைதான் எப்போதும் முதலில் எழும்பும். அவருக்கு வயலே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"காக்கா," என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன், "வயலில்லாத உங்களுக்குத் திகதி எதுக்கு?"

களைத்த குரலில் சொன்னார்: "சண்டைக்குள்ள வயல் எங்கடதான் தம்பி, போகத்தான் ஏலாம இருந்த. சண்டைய நிப்பாட்டுற ஒப்பந்தம் வந்து பாதையைத் திறந்தாங்க. போய்ப் பாத்தா வயலெல்லாம் மரம். அரசாங்கக் காடு எண்டு வன இலாகாக்காரங்க எல்லைக் கல்லு நட்டுட்டாங்க. தண்ணி வாற நாளையாவது தெரிஞ்சிருக்கட்டுமே."

இந்த வருடமும் அந்தக் கை உயர்ந்தது. வயலில்லாதவர் கை என்பதால் சட்டப்படி எண்ணாமல் விட வேண்டிய கை. சேர்த்தே எண்ணினேன்.