இல்லாத மகளுக்கு வந்த வெள்ளி நாரை

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை. அவ்வளவுதான் என் படிப்பு. அதன் பின் நான் எழுதியதெல்லாம் தொழிற்சாலையின் பரிசோதனைத் தாள்களில் ‘சரி’, ‘சரியில்லை’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன்... மற்றதைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஆனால் இரண்டு மகள்கள் இருப்பதாக ஒரு பெண்ணை ஒன்றரை ஆண்டுகள் நம்ப வைத்தேன். அவர் எட்டு மாதம் சேர்த்து வைத்ததை, இல்லாத என் மகளுக்காக ஒரே நாளில் செலவழித்தார். நான் வாங்கிக்கொண்டேன்!

பணமா என்பீர்கள். இல்லை. கைப்பேசியில் ஆடும் ஓர் அட்டை விளையாட்டின் தூள். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. கூலாய் என்ற ஊரில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை செனாய்ப் பக்கத்துத் தொழிற்சாலையில். உடன் வேலை செய்த ஒருத்தி சிங்கப்பூருக்கு மாறிப் போகும்போது, ‘பொழுது போகும்’ என்று இந்த விளையாட்டை என் கைப்பேசியில் ஏற்றித் தந்தாள். ஒரு மாதத்தில் அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

அதன் வழக்கம் இதுதான். நாளுக்கு மூன்று பணிகள் தருவார்கள். முடித்தால் பொற்காசு. காசு சேர்ந்தால் ஓர் அட்டைப் பொட்டலம் வாங்கிப் பிரிக்கலாம். வேண்டாத அட்டைகளை உடைத்தால் தூளாகும். தூளைச் சேர்த்து, ஆசைப்பட்ட ஓர் அட்டையை நாமே உருவாக்கலாம். சாதாரண அட்டையை உடைத்தால் ஐந்து தூள். அரிய அட்டை ஒன்றுக்கு மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். எத்தனை நாள் பொறுமை வேண்டுமென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நண்பர்கள் ஒருவருக்கொருவர் நாளுக்கு இருபது காசு அனுப்பலாம். அனுப்புகிறவருக்கு எதுவும் குறையாது. கொடுத்தாலும் குறையாத காசு!

என் நண்பர் பட்டியலில் ஒருவரும் இல்லை.

அதனால் மூலை உடைந்த என் பழைய கைப்பேசியில் இன்னொரு கணக்கைத் திறந்தேன். கௌரி என்று பெயர் வைத்தேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர் அது. யாரிடமும் கூசாமல் பேசுவாள். தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, கௌரியிலிருந்து எனக்கும் என்னிலிருந்து கௌரிக்கும் இருபது இருபதாக அனுப்புவேன். வலக்கை இடக்கைக்குக் கொடுத்தது, இடக்கை வலக்கைக்குக் கொடுத்தது... அதுவரை அது குற்றமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நாள் கௌரியின் கணக்கில் ஆடி முடித்ததும், எதிரில் ஆடியவர் நட்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினார்.

“பேரு பாத்தேன். தமிழா கா?”

அவர்தான் பத்மா. தங்காக்கில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறவர். கணவர் இறந்து ஆறு ஆண்டு, பிள்ளை இல்லை. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே அவராகச் சொல்லிவிட்டார். “கல்லாவுக்குக் கீழ போன வச்சிக்கிட்டு ஆடுறேன் கா. மொதலாளி பாத்தாருன்னா, மீட்டர் கோலாலயே போடுவாரு!” என்று எழுதுவார். நான் என் அறையில் தனியாகச் சிரிப்பேன்.

“வீட்ல எத்தன பேரு கா?” என்று ஒரு நாள் கேட்டார்.

‘நான் மட்டும்’ என்று தட்டினேன். அழித்தேன். ‘நாலு பேரு’ என்று தட்டி அனுப்பினேன்.

ஏன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். அவரும் தனி, நானும் தனி. உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் நெருங்கியிருப்பாரே! ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளில்லாத ஒருத்தியிடம் ஆளில்லாத இன்னொருத்தி எதற்குப் பேசுவாள் என்றுதான் தோன்றியது.

லாரி ஓட்டும் கணவர் வந்தார். மூத்தவள் யாழினி வந்தாள், இளையவள் மதி வந்தாள். நான் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றபடி, நாலு பேருக்கு மீன்குழம்பு வைத்ததாக எழுதினேன். மதி முள்ளை எடுக்கத் தெரியாமல் அழுததாக எழுதினேன். பத்மா முள் எடுக்கும் விதத்தைச் சொல்லித் தந்தார்... நான் நன்றி சொன்னேன்!

பத்மா ஓர் அட்டைக்காகத் தூள் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி நாரை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதை இறக்கினால், ஆட்டத்தில் நாம் இழந்த அட்டைகளில் ஒன்று கைக்குத் திரும்பி வரும். “போனது ஒன்னு திரும்பி வருது பாருங்க கா. வேற எந்த அட்டையிலயும் அது இல்ல” என்றார். எட்டு மாதம் ஒரு பொட்டலத்தையும் வீணாக்காமல், அழகான அட்டைகளைக்கூட உடைத்துச் சேர்த்தார்.

எனக்கும் அந்த அட்டைமேல் ஆசை இருந்தது. பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். இல்லை. யோசித்துத்தான் எழுதினேன். “யாழினியும் அந்த நாரையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. அடுத்த வாரம் எஸ்.பி.எம். பரீட்ச ஆரம்பிக்குது, பாவம்.”

மறுநாள் காலை கௌரியின் கணக்கில் ஒரு பரிசுப் பெட்டி இருந்தது. திறந்தேன். வெள்ளி நாரை சிறகை விரித்தது. கீழே இப்படி இருந்தது: “யாழினிக்கு. நல்லா எழுது தங்கம். பத்மா சின்னம்மா.”

சின்னம்மா!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மாலையே அந்த நாரையை வைத்து மூன்று ஆட்டம் ஜெயித்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேர்வு முடிந்ததும் பத்மா எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, பஸ் மாறிக் கூலாய்க்கு வருகிறேன், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டைச் சொல்ல முடியாததால், நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் பாய் கடையைச் சொன்னேன்.

அன்று ஒரு முடிவோடுதான் போனேன். நம்புவீர்களா? ‘நான்தான் கௌரி. எனக்கு யாருமில்லை.’ நான்கே சொற்கள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பதினொரு மணிக்குப் பத்மா வந்தார். குள்ளமான உருவம், பச்சைச் சேலை, கையில் துணிக்கடைப் பை. கடை நிறைந்திருந்தது. என் மேசையில் மட்டும்தான் இடம் இருந்தது.

“இங்க ஆளு இருக்கா கா?”

“இல்ல... உக்காருங்க.”

“அலமாக், என்னா கூட்டம்! சும்மாவா குடுக்குறாரு?” என்று சிரித்தபடி உட்கார்ந்தார். எழுத்தில் இருந்த அதே குரல். “கேம்ல பழக்கமான அக்கா ஒருத்தங்க வராங்க. மொத தடவ பாக்கப் போறேன். ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு வராங்க.”

பையிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

“பெரியவளுக்கு நீலம். அளவு தெரியல, அதான் துணியாவே வெட்டிட்டு வந்தேன். கலரு நல்லாருக்கா கா? நெசமாச் சொல்லுங்க.”

“நல்லாருக்கு” என்றேன். நீலத் துணியின் ஓரத்தை விரலால் நீவினேன்.

பாய் எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். “என்னா கமலாம்மா, இன்னிக்கி போனு கையில இல்ல? கார்ட் கேம்ல எல்லாத்தையும் தோத்துட்டீங்களா?”

பத்மாவின் முகம் மலர்ந்தது. “நீங்களும் ஆடுவீங்களா கா? எந்த கேமு?”

இதைவிட நல்ல வாசல் ஒரு மனிதருக்குத் திறக்குமா? நீங்களே சொல்லுங்கள்!

“இல்ல... பாய் சும்மா கிண்டல் பண்றாரு.”

அரை மணி நேரம் போனது. பெண் பிள்ளைகளோடு யார் உள்ளே வந்தாலும் பத்மா பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். என்னால் தாங்க முடியவில்லை. கைகழுவும் இடத்துக்குப் போனேன். பைக்குள்ளிருந்து பழைய கைப்பேசியை எடுத்தேன். ‘யாழினிக்குக் காய்ச்சல். வர முடியல. மன்னிச்சிரு பத்மா’ என்று தட்டி அனுப்பினேன்.

நான் கைகூடக் கழுவவில்லை. மேசையில் அவர் கைப்பேசி ஒலிப்பது கேட்டது.

திரும்பி வந்தபோது துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு பிசகாமல், கடையில் மடிப்பதைப் போல.

“வரலியா?” என்று கேட்டேன். கேட்டேனே!

“பிள்ளைக்குக் காய்ச்சலாம் கா. பரவால்ல லா, பிள்ளதான முக்கியம். குடும்பம்னா அப்படித்தான். நம்மள மாதிரியா?” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தனியா உக்காந்திருந்தீங்களா, அதான்...”

“தனிதான்” என்றேன். பத்மாவிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“நானும்தான் கா.” என் கையை ஒரு முறை தட்டிக்கொடுத்தார். “தங்காக் பக்கம் வந்தா கடைக்கு வாங்க. பத்மான்னு கேளுங்க, யாராச்சும் காட்டுவாங்க.”

பையைப் பாயிடம் கொடுத்தார். “கௌரின்னு ஒருத்தங்க வருவாங்க பாய், குடுத்துருங்க.”

“கௌரியா? நம்ம கடைக்கு அப்படி யாரும் வர்றதில்லையேம்மா. சரி, வச்சிட்டுப் போங்க.”

என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி வழியே பச்சைச் சேலை பஸ் நிறுத்தம்வரை போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அறைக்கு வந்ததும் வெள்ளி நாரையை உடைத்துவிட நினைத்தேன். கால் பங்குத் தூள்தான் திரும்பும் என்று தெரியும். அது எனக்கு வேண்டியதில்லை, அது என் கண்ணில் படாமல் இருந்தால் போதும். அழுத்தினேன். பரிசாக வந்த அட்டையை உடைக்க முடியாது என்று திரையில் வந்தது. திருப்பி அனுப்பவும் வழி இல்லை. வைத்திருப்பது ஒன்றுதான் வழி.

என்னிடம் யாரும் பேசுவதில்லை என்று ஆண்டுக்கணக்கில் குறைப்பட்டவள் நான். ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தொட்டுக் கூப்பிட்டார். கௌரியை அல்ல, என்னை! அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது? கூச்சம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அது பொய் என்று இப்போது படுகிறது... வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பத்மாவிடமிருந்து கௌரிக்கு வழக்கமான இருபது காசு வந்தது. கூடவே, “காய்ச்சல் எப்படி இருக்கு கா?” என்ற கேள்வியும். காசைப் பெற்றுக்கொண்டேன். “கொறஞ்சிருச்சு” என்று எழுதினேன்.