குங்குமப்பூ ஐஸ்கிறீம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவில் ஓர் இத்தாலியரின் ஐஸ்கிறீம் கடையில் வேலை செய்தேன். காலையில் முட்டைகளை உடைத்து மஞ்சள் கருவைப் பிரித்தெடுப்பது என் வேலை. அதைப் பாலோடும் சீனியோடும் காய்ச்சி உறையவைத்தால் இளமஞ்சள் ஐஸ்கிறீம் வரும். முட்டைக்கோது விழுந்துவிட்டதோ என்று ஒவ்வொரு சட்டியையும் இரண்டு தரம் பார்ப்பேன். அப்படிப் பயந்த பிறவி நான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ட்வெய்ட்டாவில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த அக்கா, ஸ்தவாங்கர் நகரிலிருந்து வந்த விருந்தாளிகளோடு கடைக்கு வந்தார்.

"எங்கடை ஊர்ப் பிள்ளைதான். எட்டாம் வகுப்போடை நிண்டிட்டுது, அதுதான் இஞ்சை கோப்பை கழுவுது," என்று என்னைக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள்.

பிறகு என்னிடம், "மகளுக்குப் பேசின சம்பந்தம் சரிவர வேணுமெண்டு வெள்ளி விரதம். மீன், மச்சம், முட்டை ஒண்டும் தொடமாட்டன். உந்த மஞ்சள் என்ன, குங்குமப்பூவோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன்.

ஒரு கரண்டி வாயில் வைத்தவர், "பாருங்கோ, வாசத்திலையே தெரியுது," என்று விருந்தாளிகளுக்கு விளக்கினார்.

உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தார், அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். நான் சொல்லவில்லை.

குளிர் தொடங்கியபோது ஒரு வெள்ளி தனியாக வந்து, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று அழுதார். மாப்பிள்ளை வீட்டார் மாட்டோம் என்றுவிட்டார்களாம்.

"ஒரு வெள்ளியும் நான் பிழைவிடேல்லையே, பிள்ளை."

நான் கரண்டியை எடுத்தேன். "குங்குமப்பூதானே அக்கா?" என்று கேட்டு, வழக்கத்தைவிடப் பெரிதாக அள்ளிக் கொடுத்தேன்.